மரண அறிவித்தல் வாசித்த காலை

பாரிசவாத ஆய்வுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். வார்டில் எனக்குப் பெயர் 'நேரம் கேட்கிற மிஸி'. ஆய்வுத் தாதியாக இருந்த காலம் முழுக்க நான் வருகிற எல்லாக் குடும்பங்களிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார்? ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பாமன்கடைச் சந்தையில் மீன் வாங்கும்போதுகூட "இது கடைசியா எப்ப நல்லா இருந்தது" என்று கேட்கிறேனாம். என் மகன் சொல்லிச் சிரிக்கிறான்.

ஏன் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துத் தொங்கினேன் என்று உங்களுக்கு விளங்கும். மூளையின் இரத்தக்குழாயில் இரத்தக் கட்டி அடைத்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். பிந்திக் கொடுத்தால் மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. கடிகாரம் தொடங்குவது ஆள் விழுந்து கிடப்பதைக் கண்ட நேரத்தில் அல்ல, அவர் நன்றாக இருந்தது கடைசியாகத் தெரிந்த நேரத்தில். அதைச் சொல்லக் கூடியவர்கள் வீட்டு ஆட்கள்தான். வீட்டு ஆட்களோ பொய் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஏன் பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று நாங்கள் ஏசுவோம் என்ற பயத்தில் "இப்பதான், இப்பதான்" என்பார்கள். அந்த 'இப்பதான்' சில வேளை நேற்றுப் பின்னேரமாக இருக்கும்.

எங்கள் ஆய்வை நடத்திய பெரிய டொக்டர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். என்னைவிட வயதில் இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வார்டின் மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதை இழுத்துப் போட்டு, உறவினருடைய முகத்துக்குக் கீழே தன் முகம் வரும்படி உட்கார்ந்துதான் கேட்பார். நின்றுகொண்டு கேட்டால் மணித்தியாலக் கணக்கு வரும், உட்கார்ந்து கேட்டால் நடந்தது வரும் என்பது அவருடைய எண்ணம். அவசரப் பிரிவில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் ஆறுதலாக உட்காருவதைப் பார்க்க முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் எனக்கு எப்படிப் போனது என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

அன்று காலையில் கொண்டுவரப்பட்டவரைத் தர்மலிங்கம் ஐயா என்று வைத்துக்கொள்வோம். பெயர்களையெல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு லேனில் தொடர்மாடி வீடு. கப்பல் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது கை விழுந்திருந்தது, வாய் கோணியிருந்தது, ஒரு சொல் வரவில்லை. மேல்மாடிக்காரரின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தவர் மனைவி பாக்கியம் அம்மா. வீட்டுச் சேலை, காலில் குளியலறைச் செருப்பு. விரல்களில் துருவிய தேங்காய்ப் பூ ஒட்டியிருந்ததை நான் கவனித்தேன்.

ஸ்கானில் இரத்தக் கசிவு இல்லை. அடைப்புத்தான். எங்கள் ஆய்வு அப்போது கட்டியைக் கரைக்கும் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒன்று வழமையானது, மற்றது புதியது. ஆய்வுக்குச் சம்மதிக்காவிட்டாலும் வழமையான மருந்து கிடைக்கும். ஆனால் எந்த மருந்தாக இருந்தாலும் நேரம் தெரிய வேண்டும். அன்று கடமையில் இருந்த சின்ன டொக்டர் கேட்டார்.

"அம்மா, ஐயா கடைசியா எப்ப நல்லா இருந்தவர்?"

"இண்டைக்குக் காலமை."

"காலமை அவரோட கதைச்சனீங்களோ?"

"இல்லை."

"கண்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடி அம்மா தெரியும், நல்லா இருந்தவர் எண்டு?"

பாக்கியம் அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் மகள் கௌரி வந்து சேர்ந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டே சின்ன டொக்டரை ஒரு பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மாவும் அப்பாவும் கதைக்கிறேல்லை டொக்டர். என்ர கலியாணத்தோட நிண்டது. ரெண்டு பேரும் வேற வேற அறை."

கதை சின்னது. கௌரி கொட்டாஞ்சேனையில் குளிரூட்டி திருத்தும் அன்ரன் என்பவரைக் கட்டிக்கொண்டார். வேற்று மதம். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா கூறைச் சேலையை உடுத்துக்கொண்டு தனியே தேவாலயத்துக்குப் போனார். திரும்பி வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் சீவிக்கிறார்கள். அவசியமானதைச் சொல்லாமல் முடியாது அல்லவா? அம்மா குளிர்சாதனப்பெட்டியைப் பார்த்து "சாப்பாடு மேசையில இருக்கு" என்பாராம். அப்பா சுவர்க் கலண்டரைப் பார்த்துத் "தண்ணி நிண்டு போச்சு" என்பாராம். நம்முடைய சனத்தில் இப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

சின்ன டொக்டர் பேனாவை மூடினார். "அப்ப கடைசியாக் கண்டது நேற்று ராத்திரி. நேரம் தாண்டிட்டுது மிஸி. மருந்து குடுக்கேலாது."

அவரைக் குறை நினைக்காதீர்கள். விதிப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. நேரம் தெரியாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துத் தெரிந்தெடுக்கும் வழி உண்டு, ஆனால் அன்று அந்த இயந்திரம் எங்களுக்குக் கிடைக்கும் நிலையில் இல்லை. தெரியாத நேரத்தில் மருந்தைக் கொடுத்து ஆள் போனால் யார் பதில் சொல்வது? அதே சமயம், கொடுக்காமல் விட்டால் இந்த மனிதர் இனிப் பேசாமலே இருந்துவிடக் கூடும். அந்த அம்மா 'காலமை' என்று சொன்னபோது குரலில் ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை. பயத்தில் சொல்கிறவர்கள் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. நான் போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டி வந்தேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, ஐயாவைப் பற்றி நான் கேட்கேல்லை. நீங்கள் எழும்பினதில இருந்து உங்கட காலமையைச் சொல்லுங்கோ."

"எழும்பினன். சாமிக்கு விளக்கு வைச்சன். தேத்தண்ணி ஊத்தி அவற்ற கதவுக்குப் பக்கத்தில வைச்சன். ரேடியோவில செய்தி போனது. முடியத் தேங்காய் துருவத் தொடங்கினன். பிறகு துருவுறதை நிப்பாட்டினன்."

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

பாக்கியம் அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, நீ கொஞ்சம் வெளியில நில்லு."

கௌரி வெளியே போனார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவர் மரண அறிவித்தல் வாசிக்கிறவர்."

விஷயம் இதுதான். முன்பெல்லாம் காலையில் பத்திரிகை வந்ததும் பாக்கியம் அம்மா முதலில் பார்ப்பது மரண அறிவித்தல். யார் போனார்கள், எந்த ஊர், யாருக்கு என்ன முறை என்று பார்த்துச் சொல்வார். கணவர் கேலி செய்வார். பேச்சு நின்று சில காலத்தில் பாக்கியம் அம்மாவின் கண்ணில் புரை விழுந்தது. சின்ன எழுத்துத் தெரியவில்லை. பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, முடியாமல் மடித்து வைத்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் தர்மலிங்கம் ஐயா யன்னலோரக் கதிரையில், சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரண அறிவித்தலைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். யாருக்கு வாசிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிறேன் என்று இவரும் சொல்லவில்லை. அவர் குரல் எழுந்ததும் இவர் தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு காலையும் இது நடந்திருக்கிறது. மகளுக்கே தெரியாது.

"இண்டைக்கும் வாசிச்சவரோ?"

"ஓம். வடிவா, ஒரு சொல்லும் பிசகாமல் வாசிச்சவர்." அவர் அப்படியே ஒப்பிக்கத் தொடங்கினார். "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட கந்தையா அருமைநாயகம் நேற்றுக் காலமானார். அன்னார் காலஞ்சென்ற கந்தையா வள்ளியம்மை தம்பதிகளின் மூத்த மகனும், ராசமணியின் அன்புக் கணவரும், சுகந்தி, மோகன், ரேணுகா ஆகியோரின் பாசமிகு தந்தையும்... அதோட நிண்டுட்டுது."

"நிண்ட உடன நீங்கள் போய்ப் பார்க்கேல்லையோ?"

"அந்த இடத்தில அவர் எப்பவும் நிக்கிறவர், டொக்டர். தந்தையும் எண்டதுக்குப் பிறகு அன்பு மாமனாரும் எண்டு வரும். அந்தச் சொல்லை அவர் வாசிக்கிறேல்லை. கௌரியின்ர கலியாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் வாசிச்சதில்லை. கொஞ்சம் பேசாமல் இருந்திட்டுப் பேரப்பிள்ளையளுக்குப் போயிடுவார். இண்டைக்கும் அப்பிடித்தான் எண்டு தேங்காய்ப் பாதியைக் கையில வைச்சுக் கொண்டு நிண்டன். பிறகு பேப்பர் விழுந்த சத்தம் கேட்டுது."

வேலை நேரத்தில் அழக்கூடாது என்று இளையவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள் நான். திரையை இழுத்துவிடுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்ன டொக்டர் மெதுவாகக் கேட்டார். "இது நேற்று வாசிச்சதா இருந்தால்? அம்மா குழம்பியிருக்கலாம்தானே."

நியாயமான கேள்வி. ஆய்வு செய்கிறவர்களுக்கு இரக்கம் வரும்போதுதான் இப்படி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்றைய பத்திரிகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் வெளியே ஓடினேன். வார்டு வாசலில், எண்ணெய் பட்ட சேர்ட்டோடு ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றார்.

"தம்பி, இண்டையத் தமிழ்ப் பேப்பர் ஒண்டு வேணும். கெதியா வாங்கிக் கொண்டு வர ஏலுமோ?"

ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஓடினார். பெரிய வாசலுக்கு வெளியே சிங்களப் பத்திரிகைதான் இருந்ததாம். தரிப்பிடத்தில் நின்ற த்ரீவீலர்காரர் ஒருவர் படித்துக்கொண்டிருந்ததைக் கெஞ்சி வாங்கி வந்தார். வேர்த்து வழிந்தது.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி, இருங்கோ."

"இல்லை மிஸி, நான் இதிலேயே நிக்கிறன். என்னைக் கண்டா மாமாவுக்குப் பிரஷர் கூடிப் போகும்."

அப்போதுதான் இவர் யார் என்று எனக்கு விளங்கியது. ஒன்று சொல்ல வேண்டும்: அன்ரன் அறியாமலே சரியாகச் சொல்லியிருந்தார். இரத்த அழுத்தம் கூடினால் அந்த மருந்தைக் கொடுக்க முடியாது.

பத்திரிகையை விரித்தோம். கரவெட்டி, கந்தையா அருமைநாயகம். இறந்தது முந்தின நாள்தான். ஆகவே அது நேற்றையப் பத்திரிகையில் வந்திருக்க முடியாது. பாக்கியம் அம்மாவை மீண்டும் சொல்லச் சொல்லி நான் விரலை வைத்துக்கொண்டே போனேன். மூத்த மகனும், அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும். எல்லாம் அதே ஒழுங்கு. அவர் நிறுத்திய இடத்துக்கு அடுத்ததாக, மூன்று பெயர்களும் 'அன்பு மாமனாரும்' என்ற சொல்லும் அச்சில் இருந்தன.

காலைச் செய்தி முடிந்த பிறகு இவ்வளவு தெளிவாகப் பேசிய ஒருவர் அதுவரை நன்றாகத்தான் இருந்திருக்கிறார். கணக்குப் பார்த்தால் எங்களுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெரிய டொக்டர் சின்ன டொக்டரைப் பார்த்தார். முடிவை அவரே சொல்லட்டும் என்று விட்டார் என்று நினைக்கிறேன். சின்ன டொக்டர் பேனாவைத் திறந்து, "மனைவி குரலைக் கேட்டிருக்கிறார். பேச்சு நிண்டதையும் கேட்டிருக்கிறார். நான் ஏற்றுக்கொள்ளுறன்" என்றார்.

அத்தோடு முடியவில்லை. தர்மலிங்கம் ஐயாவால் சம்மதம் சொல்ல முடியாது. மனைவிதான் சொல்ல வேண்டும். ஆய்வைப் பற்றி நான் விளக்கினேன். சேர வேண்டிய கட்டாயம் இல்லை, வழமையான மருந்து எப்படியும் உண்டு என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பேனாவை வாங்காமல் நின்றார்.

"அவரோட கதைக்காத நான் அவருக்காக ஓம் சொல்லலாமோ மிஸி? நாளைக்கு எழும்பி, உன்னை ஆர் கேட்டது எண்டு கேட்பாரே."

"அம்மா, அவருக்கு எது விருப்பம், எது விருப்பமில்லை எண்டு உங்களைவிட இஞ்ச ஆருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போனார். கணவரின் முகத்துக்கு மிக அருகில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவரிட்டச் சொல்லுங்கோ மிஸி, புது மருந்து ஒண்டையும் பழைய மருந்து ஒண்டையும் பார்க்கினமாம், ரெண்டில ஒண்டு குடுப்பினமாம், நான் ஓம் எண்டு சொல்லப் போறன் எண்டு. பிறகு என்னோட கோவிக்கக் கூடாது எண்டும் சொல்லுங்கோ."

பக்கத்தில் நிற்கிற பெண்ணின் வார்த்தையை நான் அந்த மனிதருக்கு எடுத்துச் சொன்னேன், வேற்று நாட்டுக்காரர்களுக்கு நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரைப் போல. அவர் என்னைப் பார்க்கவில்லை. கண் மனைவியிடம் இருந்தது. இடது கை விரல்கள் கட்டில் விரிப்பில் இருந்து கொஞ்சம் எழும்பின. அதைச் சம்மதம் என்று நான் எழுதவில்லை. எழுதவும் முடியாது. ஆனால் பாக்கியம் அம்மா அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கினார்.

கையெழுத்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "ஒண்டு மட்டும் மிஸி. அவர் வாசிக்கிறதை நான் கேட்கிறனான் எண்டு அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆய்வில் இரகசியம் காப்பது பற்றி உங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். கவனமாகக் கேளுங்கள். எனக்கு அது முழுதாக விளங்கியது அந்தத் தேங்காய்ப் பூ ஒட்டிய கை என் கையைப் பிடித்தபோதுதான்.

அவருக்கு எந்த மருந்து கிடைத்தது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த மருந்துதான் நல்லது என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு மனிதரை வைத்து மருந்தை அளக்கக்கூடாது, அதற்குத்தானே ஆய்வு. கால் நன்றாக வந்தது. கை பாதி வந்தது. பேச்சு மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது.

விதிப்படி மூன்றாம் மாத மதிப்பீட்டுக்கு, எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்று தெரியாத வேறொருவர் போனார். நான் போனது அதற்கும் சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்க்க. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். கதவைத் திறந்தவர் அன்ரன். மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார். மாமனாரும் அவரும் பேசுவார்களா என்று கௌரியிடம் கண்ணால் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்பா கண்டும் காணாத மாதிரி இருக்கிறாராம். அதுவே பெரிய முன்னேற்றமாம். சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

தர்மலிங்கம் ஐயா என்னைக் கண்டு தலையசைத்தார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருப்பதாகத் திக்கித் திக்கிச் சொன்னார். பிறகு யன்னலோரக் கதிரையில், பழையபடி சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பத்திரிகையை விரித்தார். தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

யாரோ ஒரு பெரியவர். ஊர், பெயர், பெற்றோர். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து வாசித்தார். "அன்புக்... கணவரும்." கொஞ்சம் மூச்சு எடுத்தார். "பாச... மிகு... தந்தையும்." பிள்ளைகளின் துணைகளுடைய பெயர்கள் வந்தன. அவற்றையும் வாசித்தார். அங்கே நின்றார்.

நான் கதிரை விளிம்புக்கு வந்துவிட்டேன். நோய் நிறுத்துகிறதா, பழைய கோபம் நிறுத்துகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. ஆனால் அவர் தாண்டிப் போகவில்லை. உதடுகள் சேர்ந்து பிரிந்தன. "மா..." என்றார். மீண்டும் "மா..." என்றார். நெற்றியில் நரம்பு புடைத்தது. அன்ரன் கையில் ஸ்குரூவோடு அப்படியே இருந்தார்.

சமையலறைக்குள் இருந்து குரல் வந்தது.

"மாமனாரும்."

நான் இத்தனை நாள் காத்த இரகசியத்தை அந்த அம்மா ஒரே சொல்லில் உடைத்துவிட்டார்.

"மா... ம... னாரும்" என்றார் அவர். பிறகு இன்னொரு தரம், முழுதாக, "அன்பு மாமனாரும்."

உள்ளே இருந்து மறுபடி குரல் வந்தது. இந்த முறை அது குளிர்சாதனப்பெட்டிக்குச் சொன்னது அல்ல.

"ம். மிச்சத்தையும் வாசியுங்கோ."

அவர் எழும்பினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். நல்ல கையால் கதிரையைச் சமையலறைப் பக்கம் திருப்பப் பார்த்தார், அது அசையவில்லை. அன்ரன் வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் திருப்பினார்கள். தர்மலிங்கம் ஐயா அதில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளின் பெயர்களில் இருந்து வாசிக்கத் தொடங்கினார்.